காலையில் பெரியவர்கள், மாலையில் பிள்ளைகள்: பூட்டிக் கிடக்கும் ஒரு வீட்டை ஊர் மையமாக்குவது பற்றி

உங்கள் கேள்வி இதுதான். சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் உங்கள் ஊரில் உறவினர் ஒருவரின் ஓட்டு வீடு சும்மா கிடக்கிறது. ஐந்து வருடத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறார். சென்னையிலும் துபாயிலும் இருக்கும் ஊர்க்காரர்கள் மாதாமாதம் பணம் போடத் தயார். பிள்ளைகள் வெளியூரில் இருக்க, பகல் முழுக்கத் தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு ஒரு இடம் வேண்டும். பள்ளி விட்டு வந்து, அம்மா ஆயிரம் பீடியை முடிக்கும்வரை செல்போனோடு மூலையில் கிடக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு இடம் வேண்டும். என்னென்ன சேவை வைக்கலாம், அரசு என்ன தரும், எவ்வளவு செலவாகும், எங்கே மாட்டிக்கொள்வோம்?

அம்பாசமுத்திரம், நாங்குநேரி பக்கம் இப்படித் தொடங்கியவற்றையும் பார்த்திருக்கிறேன், ஒரே வருடத்தில் பூட்டியவற்றையும் பார்த்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: சேவைப் பட்டியல் போடுவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு ஊருக்குள் நடந்து, ஏற்கெனவே என்ன இருக்கிறது, அது எத்தனை மணிக்குப் பூட்டுகிறது என்று எழுதுங்கள். நீங்கள் செய்ய நினைப்பதில் பாதி ஊரிலேயே இருக்கும். யாரும் இல்லாத நேரத்தில் இருக்கும், அல்லது போக முடியாத இடத்தில் இருக்கும்.

பால்வாடி இருக்கும். 1975 அக்டோபர் 2இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தின் கீழ் வருவது அது. சத்துமாவு, எடை பார்ப்பது, தடுப்பூசி, முன்பருவக் கல்வி என ஆறு வயது வரைக்கும் உள்ளதை அது பார்த்துக்கொள்கிறது. பள்ளியில் சத்துணவு இருக்கும். காமராஜர் மதிய உணவை 1956இல் எட்டயபுரத்தில் தொடங்கியபோது அந்த ஊர் திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருந்தது. எம்.ஜி.ஆர். 1982 ஜூலையில் அதைச் சத்துணவாக விரித்தார். பலருக்குத் தெரியாதது அதற்கு அடுத்த வருடம் நடந்தது. 1983இல் முதியோர் உதவித்தொகை வாங்குகிறவர்களும் சத்துணவு மையத்தில் மதியம் சாப்பிடலாம் என்று ஆக்கினார்கள். அங்கே சாப்பிடுகிறவருக்கு மாதம் 2 கிலோ அரிசி, சாப்பிடாதவருக்கு 4 கிலோ என்ற கணக்கு அதனால்தான் வந்தது. அதாவது பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் ஒரே உலையில் சோறு வைப்பது நீங்கள் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, நாற்பது வருடப் பழக்கம். எனவே மதியச் சாப்பாடு போடுகிறேன் என்று முதல் வருடமே இறங்காதீர்கள். நல்லெண்ணத்தோடு தொடங்கும் மையங்கள் மூடுவதற்குச் சமையலறைதான் பெரும்பாலும் காரணம். விறகு, காஸ், சமையல்காரி லீவு, சாம்பாரில் உப்பு என்று நிர்வாகத்தின் உயிர் முழுக்க அங்கேயே போய்விடும்.

இன்னும் இரண்டு கட்டிடங்களைத் தேடுங்கள். ஒன்று, அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் 2006க்குப் பிறகு ஊராட்சிகளில் கட்டிய நூலகம். பல ஊர்களில் அது பூட்டியே கிடக்கிறது, உள்ளே புத்தகம் கறையானுக்குப் போகிறது. ஊராட்சித் தலைவரிடம் பேசினால் சாவி கிடைக்க வழி உண்டு. இரண்டு, சமுதாய நலக்கூடம். நம் பக்கம் அது காதுகுத்துக்கும் வளைகாப்புக்கும் வாடகைக்குப் போவது, மற்ற நாள் பூட்டு. உங்கள் உறவினர் வீட்டைவிட இவற்றில் ஒன்று மேலாக இருக்கலாம். ஏன் என்பதுதான் இந்தப் பதிலில் நான் அழுத்திச் சொல்ல வேண்டிய விஷயம்.

வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. திருநெல்வேலிச் சீமையில் அதை எழுதாமல் மீதியைப் பேச முடியாது. ஒரு சாதிக்காரர் மட்டும் குடியிருக்கும் தெருவின் நடுவில் மையம் இருந்தால், போர்டில் என்ன எழுதினாலும் அது அந்தத் தெருவின் மையம்தான். அடுத்த தெரு ஆச்சி ஒருநாள் மரியாதைக்கு வந்து எட்டிப் பார்ப்பார், மறுநாள் வரமாட்டார். யாரும் அவரை வராதே என்று சொல்லியிருக்கமாட்டார்கள். பிள்ளைகள் விஷயத்தில் இது இன்னும் கூர்மை. 2023இல் நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவனை உடன் படிக்கும் பையன்களே வீடு புகுந்து வெட்டியதும், அதன் பிறகு பள்ளிகளில் சாதிப் பிரிவினையைத் தடுக்க வழி சொல்ல ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைத்ததும் உங்களுக்கும் நினைவிருக்கும். கையில் கட்டும் கயிற்றின் நிறத்தில் சாதி தெரியும் மாவட்டம் இது.

உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இதற்கு நூறு வருடப் பழைய பாடம் ஒன்று உண்டு. விடுதலைப் போராட்டக்காரர் வ.வே.சு. ஐயர் சேரன்மகாதேவியில் நடத்திய குருகுலம், நாட்டுக்குத் தொண்டு செய்யும் பிள்ளைகளை உருவாக்கத்தான் தொடங்கியது. பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி என்ற ஒரே விஷயத்தில் வரதராஜுலு நாயுடு, பெரியார் எல்லோரும் கேள்வி கேட்க, 1925 வாக்கில் தமிழ்நாட்டு அரசியலே திசை மாறிப் போனது. கல்வி நன்றாக இருந்ததா இல்லையா என்று இன்றைக்கு யாரும் கேட்பதில்லை. உங்கள் மையத்திலும் ஒரே டம்ளர், ஒரே குடம், ஒரே பாய் என்பதை முதல் நாளே வைத்துவிடுங்கள். பிறகு கொண்டுவரலாம் என்றால் வராது. சில பெரியவர்கள் சொந்த டம்ளர் கொண்டுவருவார்கள். அது மூட்டுவலிக்காரர் தன் தலையணையைக் கொண்டுவருவது மாதிரிச் சும்மா ஒரு வழக்கமா, வேறு எதுவுமா என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

ஆகவே இடத்துக்கு என் அளவுகோல்: எல்லாத் தெருக்காரரும் வேறு ஏதோ ஒரு வேலைக்காக ஏற்கெனவே வந்துபோகிற பாதையில் இருக்க வேண்டும். பள்ளிக்கூடம், ரேஷன் கடை, பஸ் நிறுத்தம், பால் சொசைட்டி, ஊராட்சி அலுவலகம் இவற்றில் ஒன்றின் பக்கம். உறவினர் வீடு அப்படி இருந்தால் அதிர்ஷ்டம். இல்லையென்றால் நன்றி சொல்லிவிட்டு நூலகக் கட்டிடத்தைக் கேளுங்கள். பழுதுபார்க்கப் பணம் வேண்டுமே என்றால், நமக்கு நாமே திட்டத்தில் மக்கள் பங்கு மூன்றில் ஒன்று போட்டால் மீதியை அரசு போடும். பொதுக் கட்டிடமாக இருந்தால்தான் அது கிடைக்கும், தனியார் வீட்டுக்குக் கிடைக்காது.

கட்டிடம் எதுவானாலும் இரண்டு விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். முதலாவது கழிப்பறை. வயதான பெண்கள் வருவார்களா மாட்டார்களா என்பதைத் தீர்மானிப்பது அதுதான். யோகா வகுப்பு, டிவி எல்லாம் அப்புறம். உட்கார்ந்து எழ முடிகிற வெஸ்டர்ன் கோப்பை, சுவரில் பிடித்து எழக் கம்பி, வழுக்காத தரை, உள்ளே விளக்கு, கதவு வெளிப்பக்கமாகத் திறப்பது. இது இல்லாத மையத்துக்கு வரும் பெண்கள் தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருப்பார்கள், பத்து நாளில் நின்றுவிடுவார்கள், காரணம் கேட்டால் வீட்டில் வேலை என்பார்கள். ஓட்டு வீடுகளில் திண்ணை உயரமாக இருக்கும். படிக்குப் பக்கத்தில் சரிவுப் பாதையும் கைப்பிடியும் வைத்துவிடுங்கள்.

இரண்டாவது, தண்ணீர் ஏறாத இடமா என்று பாருங்கள். 2023 டிசம்பர் 17, 18இல் தாமிரபரணி கரைபுரண்டபோது கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீஸையே தண்ணீர் சூழ்ந்தது. ஊர்களில் ஆட்களைப் பள்ளிக்கும் கல்யாண மண்டபத்துக்கும் தூக்கிக்கொண்டு போனார்கள். 1992 வெள்ளத்தைப் பார்த்த பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய் இந்த வீட்டு வாசலில் நிறுத்தி, அன்றைக்குத் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேளுங்கள். சுவரில் கை வைத்துக் காட்டிவிடுவார். மேடான இடமாக இருந்தால் மழைக்காலத்தில் உங்கள் மையமே தங்குமிடம். தனியாக இருக்கும் பெரியவர்கள் யார், யாருக்கு நடக்க முடியாது, யார் என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்ற பட்டியல் மையத்தில் தாளில் எழுதி இருக்க வேண்டும். கரண்டும் டவரும் போன பிறகு செல்போனில் உள்ள பட்டியலால் பிரயோஜனமில்லை.

இப்போது நேரம். பெரியவர்களுக்குக் காலை பத்திலிருந்து ஒன்று. நம் ஊர் வயதானவர்கள் நாலரைக்கே எழுந்து காபி குடித்து, ஆற்றுக்கோ கோயிலுக்கோ போய்வந்து, பத்து மணிக்குள் வீட்டில் செய்ய எதுவும் இல்லாமல் உட்கார்ந்துவிடுவார்கள். மதியத் தூக்கத்தை யாரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள், கேட்காதீர்கள். பிள்ளைகளுக்கு மாலை நாலரையிலிருந்து ஆறரை. அதில் நாலரை முதல் ஐந்தரை வரை விருப்பமுள்ள பெரியவர்களும் இருக்கலாம். அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

காலையில் என்ன நடக்கும்? பேப்பர், டீ, சுண்டல், தாயக்கட்டை, பல்லாங்குழி, பேச்சு. இது போதுமா என்று பணம் கொடுப்பவர்கள் கேட்பார்கள். போதும். மருத்துவமனை வைக்க வேண்டியதில்லை, மருத்துவத்தை வரவழைத்தால் சரி. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து பிரஷருக்கும் சுகருக்கும் வீட்டுக்கே வந்து பார்த்து மாத்திரை தருகிறார்கள், பிசியோதெரபியும் அதில் உண்டு. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பேசி, மாதத்தில் ஒரு குறிப்பிட்ட நாள் மையத்தில் உட்காரச் சொல்லுங்கள். அவர்களுக்கும் இருபது வீடு ஏறி இறங்குவது மிச்சம். கண்ணுக்கு, நெல்லை அரவிந்த் கண் மருத்துவமனை 1988இலிருந்து இந்தப் பக்கம் முகாம் நடத்துகிறது. இடமும் விளம்பரமும் ஊர் பார்த்துக்கொண்டால், பரிசோதித்து, கண்புரை இருப்பவர்களை அவர்களே கூட்டிப்போய் ஆபரேஷன் செய்து அனுப்புவார்கள். ஆபரேஷன் முடிந்து வந்தவருக்கு வேளை தவறாமல் சொட்டு மருந்து போட ஆள் வேண்டும். தனியாக இருக்கும் பெரியவர்கள் முகாமுக்கு வந்தும் ஆபரேஷனுக்கு மறுப்பது பெரும்பாலும் இதற்காகத்தான். மையம் அந்த ஆளைத் தரலாம். பெரிய விஷயம் என்றால் இருக்கவே இருக்கிறது ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி, அதாவது நெல்லை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. அங்கே கூடப் போக ஒருவர், ஓபி சீட்டு எடுக்க ஒருவர் என்ற அளவில் உதவினாலே அது பெரிய சேவை.

மருந்தைவிட அதிகம் கேட்கப்போவது காகித வேலை. நான் பார்த்த எல்லா மையத்திலும் கூட்டம் சேர்ந்தது இந்த மேஜைக்குத்தான். முதியோர் உதவித்தொகை 1962இல் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கியது, 2023 ஆகஸ்டில் 1,200 ஆனது. அறுபது வயதும் ஆதரவற்ற நிலையும் இருந்தால் இ-சேவையில் மனு. சமூகப் பாதுகாப்புத் திட்டத் தாசில்தார் முடிவு செய்வார். மனு ஏன் தள்ளுபடியானது என்று பாட்டிகளுக்குத் தெரியாது. ஆதாரில் வயது தவறு, ரேஷன் அட்டையில் மகன் பெயர், வங்கிக் கணக்கு செயல்படாமல் போனது, இப்படி ஏதாவது ஒன்று. செல்போனும் ஒரு ஸ்கேனரும் பொறுமையும் உள்ள ஒரு பெண் வாரம் இரண்டு நாள் உட்கார்ந்தால் ஊரில் பலருடைய மாத வருமானம் மாறும். ஓய்வூதியர்களுக்கு உயிர்வாழ் சான்று இன்னொன்று. தபால்காரரே வீட்டுக்கு வந்து கைரேகை எடுத்து 70 ரூபாய்க்கு முடித்துத் தருகிறார். விரல் தேய்ந்து ரேகை விழாதவர்கள் நம் பக்கம் நிறைய, பீடி சுற்றிய விரலும் நாற்று நட்ட விரலும் அப்படித்தான் இருக்கும். அவர்களுக்கு முகம் காட்டிப் பதிகிற வழியைச் சொல்லிக்கொடுங்கள்.

கொஞ்சம் நாள் போனால் யாராவது ஒருவர் டீ குடிக்கும்போது மெதுவாகச் சொல்வார்: வீட்டை மகன் பேருக்கு எழுதிக்கொடுத்துவிட்டேன், இப்போது சோறு சரியாகப் போடுவதில்லை. இதற்குத் தயாராக இருங்கள். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007இல் வந்தது. கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) அல்லது சப்-கலெக்டர்தான் தீர்ப்பாயம், உங்களுக்குச் சேரன்மகாதேவியிலேயே அலுவலகம் இருக்கிறது. வக்கீல் இல்லாமல் வெள்ளைத்தாளில் மனு கொடுக்கலாம், மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகைக்கு உத்தரவிட முடியும். பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிய செட்டில்மென்ட் பத்திரத்தை ரத்து செய்யவும் 23ஆம் பிரிவில் வழி உண்டு. இனிமேல் எழுதப்போகிறவர்களுக்கு ஒன்று சொல்லுங்கள்: அந்த நிபந்தனையைப் பத்திரத்தில் வெளிப்படையாக எழுதாமல் கையெழுத்துப் போடாதீர்கள். அவசரத்துக்கு மூத்தோர் உதவி எண் 14567, சுவரில் பெரிதாக எழுதிவிடுங்கள். ஆனால் மையமே மகனைக் கூப்பிட்டுப் பஞ்சாயத்துப் பேச வேண்டாம். அந்த ஒரு வேலையைத் தொட்டால் பாதி வீடுகள் அப்பா அம்மாவை மையத்துக்கு அனுப்புவதை நிறுத்திவிடும். தகவலும் துணையும் தருவது வரைதான் உங்கள் எல்லை.

பிள்ளைகள் பக்கம் வருவோம். ஆறு வயதிலிருந்து பதினான்கு வரை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே பால்வாடி இருக்கிறது. தனியாகப் பிளே ஸ்கூல் வைத்தால் அங்கீகாரம் வாங்க வேண்டும், கைக்குழந்தைக் காப்பகம் என்றால் ஆள் விகிதம், பால், தூளி என்று அது வேறு உலகம். பால்னா என்ற மத்தியத் திட்டத்தில் அங்கன்வாடியோடு சேர்ந்த காப்பகம் வைக்க முடியும். ஊரில் தேவை இருந்தால் அதை அங்கன்வாடிக்குக் கேட்டு மனுப் போடுங்கள், நீங்கள் நடத்தாதீர்கள்.

மாலை மையம் டியூஷன் ஆகிவிடும் ஆபத்து நிச்சயம் வரும். பாளையங்கோட்டை பக்கம் ஓய்வுபெற்ற வாத்தியார்களுக்குப் பஞ்சமில்லை. உங்கள் ஊரிலும் நாலு பேர் இருப்பார்கள், ஆர்வமாக வருவார்கள், மூன்றாம் நாள் கையில் பிரம்போடு வாய்ப்பாடு கேட்பார்கள். நல்ல மனிதர்கள்தான். ஆனால் நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் மட்டும் மிஞ்சுவார்கள், எந்தப் பிள்ளைக்காகத் தொடங்கினீர்களோ அது வீட்டில் உட்கார்ந்து அம்மாவுக்குப் பீடி மடக்கிக் கொடுத்துக்கொண்டிருக்கும். முதல் முக்கால் மணி விளையாட்டும் சுண்டலும், அப்புறம் அரை மணி சத்தம் போட்டுக் கதை வாசிப்பது, கடைசியில் வீட்டுப்பாடம். இந்த வரிசையை மாற்றாதீர்கள். வீட்டுப்பாடத்தில் சிக்கலுள்ள பிள்ளையை வாத்தியார் ஐயா தனியாக உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கட்டும், அங்கே அவர்தான் ராஜா.

ஆளுக்கு எங்கே போவது? 2021இல் கொரோனாவில் விட்டுப்போன படிப்பை ஈடுகட்ட அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் வந்தபோது ஊருக்கு ஊர் பெண்கள் மாதம் ஆயிரம் ரூபாய்க்கு மாலையில் வகுப்பெடுத்தார்கள். உங்கள் ஊரில் அப்படி எடுத்தவர் யார் என்று விசாரியுங்கள். எந்தப் பிள்ளைக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது, எந்த வீட்டில் அப்பா குடிக்கிறார் என்பது வரை அவருக்குத் தெரிந்திருக்கும். உங்கள் ஒருங்கிணைப்பாளர் அவர்தான், வெளியூரிலிருந்து படித்தவரைக் கொண்டுவராதீர்கள். இன்னொரு கூட்டம் டிஎன்பிஎஸ்சி, போலீஸ் தேர்வுக்குப் படிக்கிற இளவட்டங்கள். அவர்களுக்கு ஒரு அறை, ஒரு ஃபேன், பகலில் சத்தமில்லாத மேஜை, வைஃபை கொடுத்தால் பதிலுக்கு மாலையில் ஒரு மணி நேரம் பிள்ளைகளோடு இருப்பார்கள். விளக்கு மாற்றுவது, முகாம் நாளில் நாற்காலி போடுவது எல்லாம் அவர்கள் பொறுப்பாகிவிடும். மாவட்டத்தில் எனக்குத் தெரிந்த ஓடுகிற மையங்கள் எல்லாம் இவர்களால்தான் ஓடுகின்றன. வருடத்தில் ஒரு வாரம் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட முகாம் கேட்டால் வெள்ளையடிப்பு முடிந்துவிடும். பிள்ளைகளை ஒருநாள் கொக்கிரகுளத்தில் மாவட்ட அறிவியல் மையத்துக்குக் கூட்டிப்போங்கள், பஸ் காசைத் தவிரப் பெரிய செலவில்லை.

புத்தகத்துக்குத் தனியாகப் பணம் ஒதுக்க வேண்டாம். உங்கள் வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுகிறீர்கள். அருகிலுள்ள கிளை நூலகத்தில் பேசி வாசகர் வட்டம் ஒன்று அமைத்து அங்கிருந்து எடுத்துவருவதுதான் முறை. 1,000 ரூபாய் கட்டினால் நூலகப் புரவலர் ஆகலாம். துபாய்க்காரர்களில் பத்துப் பேரை ஆக்குங்கள், நூலகர் உங்களை மறக்கமாட்டார்.

அந்த நாலரை மணி விஷயம். முதியோரையும் குழந்தைகளையும் சேர்த்து வைத்தால் இருவருக்கும் நல்லது என்ற எண்ணம் அரசுக்கும் உண்டு. ஆதரவற்ற குழந்தைகள் 25 பேர், முதியோர் 25 பேர் என ஒரே வளாகத்தில் தங்கவைக்கும் இல்லங்களுக்குச் சமூக நலத்துறை நிதி தருகிறது. பகல்நேரத்துக்கு மட்டுமான அன்புச்சோலை மையங்கள் 25ஐ 2025-26 நிதிநிலை அறிக்கையில் அறிவித்தார்கள். எண்ணம் சரிதான். ஆனால் எல்லாப் பெரியவர்களுக்கும் பிள்ளைச் சத்தம் பிடிக்காது, அதைச் சொல்லக் கூச்சப்படுவார்கள். அதனால் கட்டாயம் வேண்டாம். தாயம் ஆடத் தெரிந்த ஆச்சி, வில்லுப்பாட்டில் குடம் அடித்த தாத்தா, பாய் நெய்யத் தெரிந்த பத்தமடைக்காரர் என்று நாலைந்து பேர் தானாக உட்காருவார்கள், அது போதும். பிள்ளைகள் பக்கமிருந்தும் ஒன்று உண்டு: செல்போனில் வீடியோ கால் போட்டுத் தருவது. மதுரையிலும் மஸ்கட்டிலும் இருக்கும் மகனைத் திரையில் கொண்டுவந்து நிறுத்தும் பத்து வயதுப் பையனுக்கு அந்த வீடுகளில் கிடைக்கும் மரியாதையே தனி.

பாதுகாப்பில் சமரசம் கூடாது. எந்தப் பெரியவரும், எந்த வாத்தியாரும், எந்த இளவட்டமும் ஒரு பிள்ளையோடு கதவு சாத்திய அறையில் தனியாக இருக்கக் கூடாது. ஊர்ப் பெரிய மனிதருக்கும் இதே விதிதான். சந்தேகம் வந்தால் குழந்தைகள் உதவி எண் 1098. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தில், தெரிந்தும் புகார் சொல்லாமல் இருப்பதே குற்றம், மையம் தனக்குள் விசாரித்து முடித்துவைக்க முடியாது. ஆறரைக்குப் பெண் பிள்ளைகளைத் தனியாக அனுப்ப வேண்டாம், தெருத் தெருவாகச் சேர்த்துக் கொண்டுபோய் விட ஒரு ஆள் வேண்டும். நவம்பர், டிசம்பரில் ஆறு மணிக்கே இருட்டிவிடும்.

செலவுக்கு என் கணக்கு இது. ஒருங்கிணைப்பாளருக்கு 12,000, அரைநாள் உதவியாளருக்கு 6,000. நாற்பது பிள்ளைகளுக்குத் தலைக்கு 8 ரூபாய் சுண்டல், மாதம் 22 நாள், 7,040. முப்பது பெரியவர்களுக்கு டீயும் தின்பண்டமும் 12 ரூபாய், 24 நாள், 8,640. கரண்ட், பேப்பர், சோப்பு, பினாயில் 2,500. மொத்தம் மாதம் 36 ஆயிரத்துக்குச் சற்று மேலே. ஆயிரம் ரூபாய் தருகிறவர்கள் நாற்பது பேர் இருந்தால் ஓடும். அதில் பத்துப் பேர் ஆறு மாதத்தில் நின்றுவிடுவார்கள் என்று வைத்துக்கொண்டு ஐம்பது பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சம்பளத்தை மட்டும் குறைக்காதீர்கள். சேவை மனப்பான்மையில் சும்மா வந்து செய்வார்கள் என்று தொடங்கிய இடங்கள்தான் நான் பார்த்ததில் சீக்கிரம் பூட்டியவை.

பதிவு எளிது. ஏழு பேர் சேர்ந்து 1975ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டத்தில் சங்கமாகப் பதியலாம், அல்லது சார்பதிவாளரிடம் அறக்கட்டளைப் பத்திரம். நான் சங்கத்தையே சொல்வேன், வருடாவருடம் கணக்குக் காட்டியாக வேண்டும் என்பதாலேயே. அந்த ஏழில் எல்லாத் தெருவும் வர வேண்டும், பெண்கள் பாதி இருக்க வேண்டும். வெறும் டீயும் சுண்டலும் கொடுத்தாலும், லாப நோக்கம் இல்லாவிட்டாலும், உணவுப் பாதுகாப்புப் பதிவு வேண்டும், வருடம் 100 ரூபாய்.

வெளிநாட்டுப் பணத்தில் கவனமாக இருங்கள். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் துபாய்க்காரர் தன் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியே அனுப்பினால் பிரச்சினை இல்லை, அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அமெரிக்க, சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்டவர், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டை வைத்திருப்பவராக இருந்தாலும், அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடைதான். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப் (எஃப்.சி.ஆர்.ஏ.) பதிவு இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. ஊர்ப்பாசத்தில் அவர்கள் அனுப்பிவிடுவார்கள், மாட்டிக்கொள்வது ஊரில் கையெழுத்துப் போட்ட ஏழு பேர். வாட்ஸ்அப் குழுவில் கணக்கு எண்ணைப் போடுவதற்கு முன்னால் யார் யாருக்கு எந்தப் பாஸ்போர்ட் என்று கேட்டுவிடுங்கள்.

கடைசியாக, உறவினர் வீட்டையே எடுப்பது என்று முடிவானால், ஐந்து வருடம் என்று வாயால் சொன்னது போதாது. சொத்தில் பங்குள்ள எல்லோரும், வெளியூரில் இருக்கும் சகோதரிகள் உட்பட, கையெழுத்துப் போட்ட ஒப்பந்தமாக அதைப் பதிந்துகொள்ளுங்கள். கழிப்பறைக்கும் கூரைக்கும் நீங்கள் போடும் பணத்துக்கு நடுவில் காலி செய்யச் சொன்னால் என்ன கணக்கு என்பதையும் அதில் எழுதிவிடுங்கள். அந்தப் பத்திரம் கைக்கு வந்த பிறகு கொத்தனாரைக் கூப்பிடலாம்.